உப்புக்காற்றில் ஒரு விசித்திரக் காரைப் பார்த்து வாங்குவதும் காத்து வைப்பதும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். அம்பாசடரின் உருண்ட முன்புறமோ, பத்மினியின் பின்னால் மீன் செட்டை போல் எழுந்து நிற்கும் இரண்டு விளிம்புகளோ, டாடா சியராவின் கூரை வரை வளைந்து ஏறும் பின்னிருக்கைப் பக்கக் கண்ணாடியோ கண்ணில் பட்டவுடன் மனம் விலை பேசத் தொடங்கிவிடுகிறது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு இந்த மயக்கத்தால் பெரிய நட்டம் வந்துவிடாது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி வாழ்கிற நாம், முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் பழக வேண்டும். என்னிடம் இப்போது இருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நான் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதற்காகக் கொடுத்த விலையை விட, அதன் தரைத்தகட்டுக்கு டிங்கரிங் பட்டறையில் கொடுத்தது அதிகம்.

இந்தக் கரையில் வாங்கத் தகுந்த விசித்திரம் எது, தள்ளி நின்று ரசிக்க வேண்டிய விசித்திரம் எது என்று பிரித்தறிவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வடிவமைப்பு தண்ணீரை எங்கே நிறுத்தி வைக்கிறது, நின்ற தண்ணீர் வெளியேற வழி விட்டிருக்கிறதா? காரைச் செய்தவர் வேடிக்கைக்குச் செய்தாரா, சிக்கனத்துக்குச் செய்தாரா, மேதைமையால் செய்தாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு கடுமை என்றால், நம் ஊர்த் துரு மற்ற ஊர்த் துருவைப் போன்றது அன்று. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கரைந்து நீராகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே மழையே பெய்யாத சித்திரையிலும் கதவின் உள்மடிப்பில் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது. தகடு இரவும் பகலும் அரிபடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடுவதால், பெயிண்ட் கொப்பளம் போல் எழும்பும். அந்தக் கொப்பளம் வெளியே தெரிகிற நாளில் உள்ளே தகடு பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும்.

எந்த விசித்திரம் நமக்கு ஆகும்

ஹெரால்டிலிருந்தே தொடங்குகிறேன். சொந்தக் கார் என்கிற பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்த இந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் நம் நாட்டில் செய்தது. அந்தக் காலத்தில் கார்கள் பெரும்பாலும் சேசிஸ் என்ற தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடம்பையே சட்டமாக்கிக்கொள்ளும் முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய வழியில் தனிச் சேசிஸின் மேல் உடம்பைத் துண்டுதுண்டாக நட்டு போட்டு முடுக்கி உட்கார வைத்தது. பானெட்டைத் திறந்தால் மூடி மட்டும் தூக்காது. இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்புறம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்து, எஞ்சினும் முன் சக்கரங்களும் திறந்தவெளியில் வந்து நிற்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. கடற்கரைக்காரனுக்கு இதைவிட நல்ல விசித்திரம் கிடையாது. திறந்து பார்க்க முடிகிற இடத்தைக் கழுவ முடியும், துடைக்க முடியும், காய வைக்க முடியும்.

அதே ஹெரால்டில் இரண்டு கெட்ட குணங்களும் உண்டு. பின் சக்கரங்கள் ஊஞ்சல் போல் மேலும் கீழும் ஆடும் தனித்தனி ஆக்சில்களில் நிற்பதால், வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டியின் பின்புறம் வழுக்கும். 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கேசலில் இதை மாற்றி வழக்கமான ஒற்றை ஆக்சிலைப் போட்டார்கள். ஆகவே நாள்தோறும் ஓட்ட விரும்புகிறவர் கேசலைத் தேடுவது நல்லது. இரண்டாவது, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். கதவுக்குக் கீழே உடம்பைத் தாங்குபவை அவைதாம், முதலில் உளுத்துப்போவதும் அவைதாம்.

அம்பாசடரைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் வேண்டியதில்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் தொடங்கி, உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் வரை செய்யப்பட்டது. அதன் விசித்திரங்களில் எனக்குப் பிடித்தது, முன்கதவுகளில் தனியாகத் திரும்பும் முக்கோணக் கண்ணாடி. தேவிப்பட்டினம் சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதைச் சற்றே திருப்பிவிட்டால், காற்று வளைந்து வந்து நேரே கழுத்தில் படும். எந்த ஏசியும் அந்தச் சுகத்தைத் தராது. பிடிக்காதது, பழைய மாடல்களில் ஹெட்லைட் டிம் செய்வதற்காகத் தரையில் இடது காலுக்கு வைத்திருந்த பொத்தான். ஈர மணலோடு ஏறி உட்காருகிற ஊரில் அந்தப் பொத்தான் இறுகிப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்பாசடர் தனிச் சேசிஸ் இல்லாத கார் என்பதை மறக்கக்கூடாது: கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும் உளுத்துவிட்டால், உளுத்தது தகடு அன்று, வண்டியே. பத்மினிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் பத்மினி சிறியது, 1089 சிசி எஞ்சின் கைக்கு அடக்கமானது, ஹேண்ட் கியர் பழகிவிட்டால் கீழக்கரைச் சந்துகளில் புகுந்து வருவதற்கு அதைப் போன்ற துணை இல்லை.

மாருதி ஆம்னியை விசித்திரக் கார் என்று யாரும் சொல்வதில்லை. பழகிப் பழகி நம் கண் மரத்துவிட்டது. ஓட்டுநர் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்க, 796 சிசி எஞ்சின் இருக்கைக்கு அடியில் கிடக்க, பக்கக் கதவு தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு தகரப் பெட்டி 1984 முதல் 2019 வரை விற்றது என்றால், அது இந்த நாட்டின் வாகன வரலாற்றில் மிகத் துணிச்சலான வடிவங்களில் ஒன்று. ஆயினும் நம் கரையில் ஆம்னி வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது மீன் ஏற்றிய வண்டியா என்பதுதான். ஐஸ் உருகிக் கூடையிலிருந்து ஒழுகும் உப்புநீர் தரைவிரிப்புக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கும். விற்பவர் இல்லை என்றுதான் சொல்வார். வெயிலில் ஒரு மணி நேரம் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். எந்த வாசனைத் திரவியமும் அதை மறைக்காது.

சியராவை நான் தள்ளி நின்று ரசிப்பேன். 1991இல், பின் இருக்கைக்குத் தனிக் கதவே இல்லாமல், பக்கக் கண்ணாடியைக் கூரைக்குள் வளைத்து ஒரு காரைச் சந்தைக்குக் கொண்டுவந்த துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அந்தக் கண்ணாடி திறக்காது. வெயில் முழுவதும் உள்ளே இறங்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெயிலில் வெடித்தால், கார்த்திகை மழை கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். டாடா நானோ கார் இதற்கு நேர்மாறு: பார்ப்பவர்கள் சிரித்தாலும், சக்கரத்துக்கு மூன்றே நட்டு, ஒரே வைப்பர், பின்னால் 624 சிசி எஞ்சின் என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு குறைத்துச் செய்த கார் அது. முதலில் வந்த நானோக்களில் பின்கதவு திறக்காது என்பது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினைப் பார்க்க இருக்கையை மடக்கிவிட்டுக் குனிய வேண்டும்.

இந்த ஊருக்கென்றே பிறந்தது போன்ற ஒரு கார் இருக்கிறது. அதைப் பார்ப்பதுதான் அரிது. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களில் செய்த டால்பின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவிய அதன் உடம்பு முழுவதும் ஃபைபர். துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாட்டின் மற்ற இடங்களில் ஃபைபர் கார் என்றால் டிங்கரிங் பட்டறைக்காரர் கையை விரிப்பார். நமக்கோ பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஃபைபர் வள்ளத்தின் அடிவயிற்றுக் கீறலை கண்ணாடி இழை விரிப்பான மேட்டையும் ரெசின் பசையையும் வைத்து அரைநாளில் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். நண்பர் ஒருவரின் டால்பின் மட்கார்டு பிளந்தபோது அதை இழுத்துக்கொண்டு அப்படி ஒருவரிடம்தான் போனோம். அவர் கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இரும்பு வண்டியின்னா நான் தொட மாட்டேன் தம்பி. இது நம்ம வள்ளந்தானே, வச்சிட்டுப் போ" என்றார். பிளந்த பகுதியை உள்பக்கமிருந்து தேய்த்து, மூன்று அடுக்கு மேட் வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக் குமிழியை உருளையால் உருட்டி வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்த அடுக்கை வைத்தார். நான் பார்த்த எந்த மட்கார்டு வேலையும் அந்த அளவு சுத்தமாக இருந்ததில்லை. டால்பின் கிடைத்தால் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸை மட்டும் கவனியுங்கள்.

குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்

கார் பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தம், ஒரு திருப்புளி, ஒரு டார்ச், விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் வீட்டுக் காபியை வேலை முடிந்த பிறகு குடிக்கலாம். முதலில் குடித்துவிட்டால் தரையில் படுத்துப் பார்க்கக் கூச்சம் வந்துவிடும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளின் கீழ்விளிம்பு, மட்கார்டின் சக்கர வளைவு, டிக்கியின் இரு மூலைகள் ஆகிய இடங்களில் வையுங்கள். நல்ல தகட்டில் ஒட்டிக்கொள்ளும் காந்தம், பட்டி தடவி மூடிய இடத்தில் வழுக்கி விழும். அடுத்து, திருப்புளியின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிறவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி வைத்த தகடு மொத்தென்று சொல்லும்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்குங்கள். என் ஹெரால்டு ஒன்பது ஆண்டுகள் ஒரு கீற்றுக் கொட்டகையில் நின்றது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது தரை முழுவதும் கறுப்பாக, பளபளவென்று, மிகச் சுத்தமாக இருந்தது, பார்த்து மகிழ்ந்தேன். அந்தக் கறுப்பு தார் என்பதும், தாருக்கு அடியில் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம் என்பதும், தகரத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்பதும் வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரத்தில், என் குதிகால் உள்ளே இறங்கியபோதுதான் தெரிந்தது. பழைய காரின் தரை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் திருப்புளி முனையால் ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

கதவுகளைத் திறந்து, சற்றே மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும் ஆடும். தூண் உளுத்திருந்தால் கதவோடு தூணும் அசையும். முன்னதற்கு நூற்றுக்கணக்கில் செலவாகும், பின்னதற்கு ஆயிரக்கணக்கில். ஹெரால்டு என்றால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது கட்டாயம். அதன் அடிப்பக்க மூட்டில் கிரீஸ் அடிக்கக்கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாத எத்தனையோ கைகள் அதில் கிரீஸை ஏற்றியிருக்கின்றன. கிரீஸ் மரையின் உள்ளே போகாது. மரை காய்ந்து தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும்.

எஞ்சினைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. எஞ்சினை இறக்கிச் சரிசெய்யத் தெரிந்தவர் ராமநாதபுரத்தில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்.

காகித வேலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு பொருந்த வேண்டும். எண் அடித்த தகடே துருவில் உதிர்ந்துபோன வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். 50 ஆண்டைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார் என்றால் 2021இல் வந்த விதிகளின்படி பழம்பெரும் வாகனம் என்று தனியே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் எடுக்கலாமே ஒழிய, அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக்கூடாது. வாரச் சந்தைக்குப் போக நினைக்கிறவர் வழக்கமான புதுப்பித்தலிலேயே இருந்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் தவறு தண்ணீரில் நடக்கிறது. கடலை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்நீர். அதில் காரைக் கழுவுவது உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசுவதாகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அதைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். குடம் வைத்துக் காத்திருக்கிற தெருவில் காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றுவது கண்ணுக்கு அழகும் இல்லை, நியாயமும் இல்லை. கூரையிலிருந்து விழும் மழைநீரை இரண்டு டிரம்களில் பிடித்து வைத்துக்கொண்டு, வயலுக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானைப் புதிதாக ஒன்று வாங்கி, பத்து லிட்டரில் அடிப்பாகம் முழுவதையும் கழுவிவிடலாம். பளபளக்கும் மேற்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் முழுவதும் அடியில்தான் செலவாக வேண்டும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைக்குப் போய்வந்தால் அன்றைக்கே கழுவுங்கள். அங்கே அலைத்தூவல் சாலையின் மேலேயே பறக்கிறது.

இரண்டாவது தவறு போர்வை. தரை வரை இழுத்து மூடிய தார்ப்பாய்க்குள் ஈரம் சிறைப்பட்டு, கார் வேர்த்தபடியே நிற்கும். நாலாபுறமும் காற்றோடும் பனங்கீற்றுக் கொட்டகை, கதவடைத்த ஷெட்டை விட மேலானது. கொட்டகையின் ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பதென்றால் உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அடைக்க வேண்டும்: பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்கு வாடைக்காற்று உப்பைக் கொண்டுவரும், மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான். தரையில் செங்கல் பரப்புங்கள். புல்லின் மேலும் மணலின் மேலும் நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே நம் வழக்கமாக இருக்கட்டும்.

அடிப்பாகத்தில் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுவது பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. எரிந்த ஆயிலில் அமிலம் உண்டு. ரப்பர் புஷ்களை அது உப்ப வைத்துவிடும். மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் போகும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் மெழுகு வகைப் பூச்சு ஒன்றைப் பெட்டிச் சட்டங்களுக்குள்ளும் போகும்படி அடிப்பதே சரியான முறை. மரப்படகுகளுக்குச் சுறா எண்ணெய் பூசிய ஊர்தானே என்று நான் ஒருமுறை ஒரு கதவின் உட்புறத்தில் அதைப் பூசிப் பார்த்தேன். எண்ணெய் தன் வேலையை நன்றாகவே செய்தது. ஒரு மாதத்துக்குத் தெருப்பூனைகள் எல்லாம் அந்தக் கதவுக்குக் கீழேதான் குடியிருந்தன என்பதால் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்ரோல் விஷயத்தில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய கவலை சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கார்ப்பரேட்டர் காலத்து ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் இளக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாகும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். வாரம் ஒருமுறையாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவது அதைவிட நல்லது. நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்தால் சைலன்சருக்குள் நீர்தான் சேரும்.

மாதம் ஒருமுறை தவறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, காசில்லாத வேலை. எந்தக் காராக இருந்தாலும் கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் தூசியும் உப்பும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். கம்பியால் குத்தினால் பெயிண்ட் கீறும். தென்னை ஈர்க்குதான் சரி. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுதில் நான்கு கதவுகளின் துளைகளையும் ஈர்க்கால் குத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, இடுக்கில் ஒரு சொம்பு மழைநீரை மெதுவாக ஊற்றி, அது கீழே சொட்டி முடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.